குணம் அண்ணையும் பாதி வெந்த பருப்பும்

போன செவ்வாய்க்கிழமை லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மரக்கறி வாங்க நின்றபோது, இரண்டு வருடமாகக் காணாத ரவி தோளில் தட்டினான். "மச்சான், உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? குணம் அண்ணை மோசம் போட்டார். போன கிழமையே எரிச்சாச்சு." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே நகரத்தில் இருக்கிறோம், ஆளுக்கொரு டெலிபோன் வைத்திருக்கிறோம், ஒரு சாவுச் செய்தி வர இத்தனை நாளா? அவனைக் கடையிலேயே ஏசிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், நான் மட்டும் அண்ணைக்கு எப்போது கடைசியாக எடுத்துப் பேசினேன்?

எண்பதுகளின் நடுவில் ஹவுன்ஸ்லோவில் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர், ரவியும் அதில் ஒருவன், எல்லோருக்கும் விமான நிலையத்தில் வேலை, வீட்டில் ஒரே ஒரு காஸ் அடுப்பு. முறை வைத்துச் சமைப்போம். குணம் அண்ணைக்கு எங்களைவிட ஏழெட்டு வயது கூட, ஆனால் தெரிந்தது ஒரே ஒரு கறி. மைசூர்ப் பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளிப்பூண்டு, மஞ்சளோடு அவியவிட்டு, கரைந்து வரும்போது பெட்டியில் வரும் தேங்காய்க் கட்டியை வெட்டிப் போடுவார். உப்பு கடைசியில்தான். "முதலே உப்பைப் போட்டியெண்டால் பருப்புக்கு ரோசம் வந்திடும், பிறகு வேகாது" என்பார். சரியோ பிழையோ, அவர் முறை வந்தால் பருப்புதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. குசினியில் நின்றபடியே வாசித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும், ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணை பருப்பைக் கிண்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடாப்பா, வீட்டில ஏதும் கரைச்சலோ?"

"ஐயா மோசம் போட்டாராம். ஒரு மாசமாகுது."

அவர் கையை நீட்டிக் காஸை நிறுத்தினார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆனால் செத்தவர் யாழ்ப்பாணத்தில், எரித்து ஒரு மாதம். ரவி அப்போதே வாயை அடக்கத் தெரியாதவன். "அண்ணை, எட்டுச் செலவுச் சடங்கும் முடிஞ்சிருக்கும். பசிக்குது, பருப்பை இறக்குங்கோ" என்றான். நானும் சேர்ந்து கத்தினேன், விடுங்கோ, எனக்கு வேலைக்கு நேரமாகுது என்று.

"அங்கை எப்ப செத்தவரோ எனக்குத் தெரியாது. இந்த வீட்டில அவர் இண்டைக்குத்தான் செத்தவர். இது செத்த வீடு. இதில ஒருத்தரும் அடுப்பு மூட்டேலாது" என்றார்.

பாதி வெந்த பருப்பைத் துவாயால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவின் கதவைக் காலால் தட்டினார். அரிசிப் பானையோடு பின்னால் ரவி போனான், முணுமுணுத்துக்கொண்டு; அவன் பின்னால் நான். அண்ணை என்னைக் காட்டி "ஃபாதர்" என்றார், மேலே கையைக் காட்டினார். அந்த அம்மா ரேடியோவை நிறுத்தினார். அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். பருப்பு வெந்ததும் கேளாமலே நெய்யில் சீரகம் தாளித்து மேலே ஊற்றினார். தன் பருப்பில் இன்னொருவரைக் கைவைக்க அண்ணை விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

எங்கள் வீட்டு முன்னறையில் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது வாயில்தான் எனக்கு ஐயா இனி இல்லை என்று உறைத்தது. சோற்றுக் கையோடு குழறி அழுதேன். ஒருவரும் தடுக்கவில்லை. வேலைக்கு ரவி டெலிபோன் பண்ணி நான் வரமாட்டேன் என்று சொன்னான். அன்று அழாமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பல வருடங்கள் கழித்து, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோயிலில் அவரைச் சந்தித்தேன். மேட்டால் இறங்கி வரும்போது பகிடியாகக் கேட்டேன், "அண்டைக்கு ஏன் அண்ணை அப்பிடிப் பிடிவாதம் பிடிச்சனீங்கள்?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு முந்தின வருசம் என்ரை அம்மா செத்த கடிதம் வந்தது. நீங்கள் எல்லாரும் வீட்டிலதான் நிண்டனீங்கள். ஊர்க் கடிதம் எண்டாலே எல்லாருக்கும் நெஞ்சிடி, அதுக்குள்ள நான் வேறை என்னத்தைச் சொல்லுறது? அண்டைக்குச் சமைக்கிறது என்ரை முறை. பருப்பு வைச்சனான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்டைக்குப் பருப்பு திறம், நல்ல ருசி எண்டு நீதான் சொன்னனி. இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினனி."

எந்த நாள் அது? எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவு வரவில்லை. எல்லா நாளும் அவர் பருப்பு ஒரே மாதிரித்தான் இருந்தது.

குணம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். யார் சமைத்துப் போட்டாலும், திறம் என்று சொல்வதற்கு முன் சமைத்தவரின் முகத்தை ஒருமுறை பார்க்கிறேன்.