மிதுலாவுக்கு ஒரு நேசறி

மிதுலாவுக்கு இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. அதற்குள்ளேயே பிந்திவிட்டது என்றார்கள் வெள்ளவத்தையில்.

"வயித்தில இருக்கேக்கயே பேர் பதிஞ்சிருக்கவேணும்," என்றாள் மேல்மாடிக்காரி. பிள்ளை வயிற்றில் இருந்தபோது பத்மாவதி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். நேசறி, பாலர் வகுப்பு என்ற ஞாபகமே அவளுக்கு அப்போது வரவில்லை. பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் ஊரோடு இடம்பெயர்ந்து, வவுனியா வந்து, ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து சேர்ந்தவள் அவள். இப்போது, 1998 தை மாதம், கொம்பனித்தெருவில் ஒரு ரயர்க் கொம்பனியில் ரைப்பிஸ்ட். புருசன் நாகேந்திரம் படம் வரையும் வேலை, கட்டட வரைபடங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் பங்குனியில் லண்டன் போகிறாள். அதற்குள் இடம் பிடித்தாக வேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் கனகசபாபதி ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்தார். "இங்கிலிசு முக்கியம், விளங்குதோ? நாளைக்கு இஞ்ச வந்தாலும் பிள்ளை முழுசக்கூடாது."

"அண்ணா, அவளுக்கு இன்னும் சலம் போறதையே சொல்லத் தெரியாது."

"அதையும் இங்கிலிசில சொல்லப் பழக்கு."

முதலில் போனது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் பெயர்போன ஒரு நேசறி. தலைமை ரீச்சர் பிளாஸ்ரிக் அப்பிள் ஒன்றைக் காட்டி, இது என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிதுலா அப்பிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆரோ கடிச்சுப்போட்டினம்," என்றாள்.

உண்மைதான். அப்பிளின் ஒரு பக்கம் முழுக்கப் பல் அடையாளம். ரீச்சர் சிரிக்கவில்லை. "வீட்டிலே தமிழ் மட்டுமா?" என்று, பிள்ளைக்கு எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று கேட்பதுபோலக் கேட்டார்.

பத்மாவதிக்கும் ஒரு கேள்வி இருந்தது. "மிஸ், எங்கயாவது குண்டு கிண்டு வெடிச்சு காலி வீதியை மூடினால், நாங்கள் வந்து சேருமட்டும் பிள்ளையளை என்ன செய்வீங்கள்?"

"இங்கே நாங்கள் அப்படியான விசயங்கள் கதைக்கிறதில்லை."

பம்பலப்பிட்டியில் பார்த்த இரண்டாவது இடத்தில் கதைத்தார்கள். பன்னிரண்டரைக்குக் கேற் பூட்டப்படும். அதற்குப் பிறகு பிள்ளைக்கு நிருவாகம் பொறுப்பல்ல. அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

நாகேந்திரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "நீர் நேசறி தேடுறீரோ, பங்கர் தேடுறீரோ?"

"இரண்டும் ஒரே கட்டடத்தில இருந்தால் சொல்லுங்கோ, உடன சேர்க்கிறன்."

அவர் முதல் இடம்தான் வேண்டும் என்று நின்றார். அங்கே படித்தால் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பாதை திறக்குமாம். அந்த இடமோ, வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் எடுக்கவேண்டிய பதிவில் பிள்ளையின் பெயரும் இருக்கவேண்டும் என்றது. எடுத்துப் பார்த்தால் பதிவில் இரண்டே பெயர். இரண்டு வருடத்துக்கு முன் பதியப்போனபோது, கைப்பிள்ளைதானே, தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பத்மாவதி அரைநாள் லீவு போட்டுவிட்டு, மிதுலாவைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். இரண்டரை மணித்தியாலம் வாங்கில் இருந்தாள். மிதுலா இரண்டு முறை சலம் போனாள், ஒரு முறை சொல்லிவிட்டு. கடைசியில் ஒரு கொன்ஸ்தாபிள் படிவத்தை விரித்து, ஒவ்வொரு கூடாகச் சிங்களத்தில் கேட்டு நிரப்பினார். பெயர். வயது. தொழில்.

"தொழிலா? பிள்ளைக்கா?"

அவர் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த கூட்டுக்குப் போனார். "கொழும்பில் தங்குவதற்குக் காரணம்?"

பத்மாவதி மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எத்தனையோ மறுமொழி நாக்கு நுனிக்கு வந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நேசறிக்குப் போக," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பகிடி இல்லை என்று கண்டு, அப்படியே எழுதினார்.

கையில் பதிவோடு அடுத்த நாள் அந்த நேசறிக்குப் போனால், இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். பத்மாவதி வாசலிலேயே நின்று, அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சத்தமாக, "நல்லா இருங்கோ," என்றாள். காவற்காரன் தனக்குத்தான் சொல்கிறாள் என்று தலையாட்டினான்.

யோசெப்பின் ரீச்சரின் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த மனுசி, முன் விறாந்தையில் பதினாலு பிள்ளைகளை வைத்து நேசறி நடத்தினார். பெயர்ப்பலகை இல்லை. ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. இன்னொன்று அதற்கு மணலை ஊட்டிக்கொண்டிருந்தது.

பத்மாவதி களைத்துப்போய்த் தன் கேள்வியைக் கேட்டாள்.

"வீதியை மூடினால் நீங்கள் வரமாட்டீங்கள். வாறமட்டும் வச்சிருப்பன், வேற என்ன செய்யிறது? போன வருசம் ஒரு நாள் ஏழு பேர் பின்னேரம் ஆறு மணி மட்டும் நிண்டவை. பாணும் பருப்பும் குடுத்தன்." சொல்லிக்கொண்டே மணல் ஊட்டிய பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டிவிட்டார். "உறைப்புத் தின்னுமோ உங்கட பிள்ளை?"

அன்றைக்கே சேர்த்துவிட்டாள். நாகேந்திரம் இரண்டு நாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. ரெலிபோனில் அண்ணன், அந்த ரீச்சரின் பெயரை இரண்டுதரம் சொல்லச் சொன்னார், கேள்விப்பட்டதாக இல்லையாம். ரொறன்ரோவில் இருப்பவர் எப்படிக் கேள்விப்படுவார் என்று கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணன் கதைத்து முடிப்பதற்குள் ரெலிபோனை வைத்தாள்.

மிதுலா மூன்று கிழமை அழுதாள். நான்காம் கிழமை, கொம்பனித்தெருவில் ஏதோ சந்தேகப் பொதி கிடக்கிறது என்று வீதிகளை மூடினார்கள். பஸ் இல்லை. பத்மாவதி நடந்தாள். நான்கு இடத்தில் அடையாள அட்டை காட்டினாள். ஓரிடத்தில் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். பம்பலப்பிட்டியில் செருப்பின் வார் அறுந்தது. இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, பிள்ளை அழுதழுது மயங்கியிருக்கும் என்று பயந்துகொண்டே, ஐந்தரைக்கு யோசெப்பின் ரீச்சரின் விறாந்தையில் ஏறினாள்.

மிதுலா வாயெல்லாம் பருப்போடு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வரயில்லை. அம்மா போங்கோ," என்றாள்.

பத்மாவதி அப்படியே படியில் குந்தினாள். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. "நாலு மைல் நடந்து வந்தனான்டி!"

யோசெப்பின் ரீச்சர் இன்னொரு கோப்பையில் இரண்டு துண்டுப் பாணை வைத்து, பருப்பை ஊற்றி, அவளிடம் நீட்டினார். "முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளை. அவளை நாங்கள் பிறகு சமாளிப்பம்."

பருப்பில் உப்புக் கொஞ்சம் கூட. பத்மாவதி கோப்பையை வழித்துத் தின்றாள்.