பேச்சுக்காரரின் பேச்சு நின்ற இடம்

முடிதிருத்தும் கடையில் அவருக்குப் பேச்சுக்காரர் என்றே பெயர். கத்திரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அப்படிப்பட்டவர் போன வாரம் ஒருவருக்கு மீசை ஒதுக்கும்போது பாதிப் பேச்சில் நின்றுவிட்டார். மறுபடி பேச்சைத் தொடங்கியபோது அந்த மனிதரின் மீசையில் ஒரு பக்கத்தைக் காணோம். மீசைக்காரர் போட்ட சத்தம் வீடுவரை எட்டியது. மனைவி இவரை மருத்துவமனைக்கு விரட்டினாள். துணைக்கு அவள் தம்பி வந்தான். கடையில் அடுத்த நாற்காலி அவனுடையது.

தலையெங்கும் கம்பிகள் ஒட்டி எடுத்த, மூளையின் மின்னோட்டத்தைக் காட்டும் ஈ.ஈ.ஜி. பதிவில் கோளாறு எதுவும் இல்லை. பேச்சுக்காரருக்கு உயிர் வந்தது.

"அப்போ ஒண்ணுமில்லதானே டாக்டர்? நின்னுக்கிட்டே கண் அசந்துட்டேன் போல."

"பதிவு எடுக்குற நேரத்துல அந்த மாதிரி வரலன்னா இதுல தெரியாமப் போகலாம். வரும்போது உங்களுக்கும் நினைவு இருக்காது. கூட இருந்து பார்த்தவங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம்" என்ற டாக்டரம்மா, மைத்துனன் பக்கம் திரும்பினார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு தடவை வந்திருக்கு. ரெண்டை நானே பார்த்தேன். பேச்சு நின்னுடும். கண் ஒரே இடத்துல நிலைக்கும். எதையோ மெல்லுற மாதிரி வாய் அசையும். கூப்பிட்டா காதுல விழாது. அப்புறம் எங்க இருக்கோம்னு தெரியாம முழிப்பாரு."

நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிறவர் இதைப் பிறர் சொல்லித்தான் கேட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

காய்ச்சல், தலையில் அடி, குடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கிய பிறகு டாக்டரம்மா சொன்னார். "இது வலிப்பு நோய்."

"கை கால் இழுக்கலையே."

"எல்லா வலிப்பும் ஆளைக் கீழே தள்ளாது. மூளையில ஒரு இடத்துல மின்சாரம் தாறுமாறா ஓடினா இப்படியும் வரும். வேற காரணம் இல்லாம, நாள் தள்ளி ரெண்டு தடவை வந்தாலே அந்தப் பேருதான். மாத்திரையில பெரும்பாலும் அடங்கிடும். நான் சொல்ற வரைக்கும் கத்தியைத் தொடாதீங்க."

அந்தக் கத்திதான் அவருக்குச் சோறு போட்டது. வெளியே வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடா? யார் கழுத்துலயாவது பட்டிருந்தா?"

"சொன்னா கடையையே விட்டுருவீங்கன்னு பயம், மாமா. தப்புதான். அதனாலதான் சவரம்னு யார் வந்தாலும் நானே கூப்பிட்டு உட்கார வெச்சேன். மீசைக்காரர் வந்தப்போ நான் வெளியே போயிருந்தேன்."

"உனக்கு முதல்ல எப்படிடா தெரிஞ்சுது?"

"கடையில ஆள் இல்லாத ஒரு மத்தியானம் எனக்குச் சவரம் பண்ணிவிட்டீங்களே, மாமா. கத்தி தொண்டையில நின்னுச்சு. உங்களுக்கு நினைவு திரும்புற வரைக்கும் நான் எச்சில்கூட முழுங்கல."

பேச்சுக்காரர் நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போதே மைத்துனனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, தொண்டை முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். காயம் எதுவும் இல்லை. அப்புறமும் கையை எடுக்க முடியாமல் அழுதார்.