எதிரணிக்காக நான் வீசிய ஓவர்கள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்தது, படித்தது, ஆஃப் ஸ்பின் வீசக் கற்றது எல்லாம் புதுச்சேரியில்தான். ஆனாலும் ஊர்ப் பெண்கள் அணித் தேர்வுக்குப் போனபோது, இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். விதி அது. யாரைக் கோபித்துக்கொள்வது? பயிற்சிக்காவது வரலாமா என்று கேட்டேன். பயிற்சியாளர் சரி என்றார்.

அப்புறம் பல வருஷம் காலையில் போய் மற்றவர்களுக்குப் பந்து வீசினேன். ஆட்டம் நடக்கிற அன்று வெளியே உட்கார்ந்து பார்த்தேன். அணியில் முதலில் இறங்கி ஆடுகிறவள் குருசுக்குப்பத்துப் பெண், என் நெருங்கிய தோழி. என் பந்தை அவள் அளவுக்கு ஆடியவர்கள் யாருமில்லை.

போன வருஷம் பிரான்சிலிருந்து ஒரு பெண்கள் அணி சுற்றுப்பயணம் வந்தது. எல்லோரும் எங்கோ வேலை பார்ப்பவர்கள், லீவு போட்டு வந்தவர்கள். பிரெஞ்சு தெரியும் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களோடு பஸ்ஸில் போனேன். பயிற்சியில் ஆள் குறைந்தால் பந்தும் வீசினேன்.

இரண்டாவது ஆட்டம் எங்கள் ஊர் அணியோடு. அன்று காலையில் அவர்களில் இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை. ஒரு இடத்துக்கு மாற்று ஆள் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. அவர்களுடைய தலைவி, ஊரில் நர்ஸ், என்னிடம் வந்து ஆடுகிறாயா என்று கேட்டாள். நட்பு ஆட்டம்தானே, உங்கள் பயிற்சியாளர் சம்மதித்தால் போதும் என்றாள். அவரிடம் போய் நானே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தோழி பேடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு எதிராவா ஆடப் போற?”

“ஆமா.”

“விட்டுக்குடுத்து வீசுன, அப்புறம் உங்கூட பேசவே மாட்டேன்.”

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. என் முதல் ஓவரிலேயே ஒரு சிக்ஸர் அடித்தாள், அடுத்த ஓவரில் வரிசையாக பவுண்டரிகள். தலைவி வந்து, கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துக்கொள்கிறாயா என்றாள். இன்னும் ஒரே ஒரு ஓவர் கொடு என்று கேட்டு வாங்கினேன்.

என் பந்து அவளுக்கு அத்துப்படி. அவள் ஆட்டம் எனக்கும் அத்துப்படிதான். பந்தை உயரத் தூக்கிப் போட்டால் கிரீஸை விட்டு இறங்கி வந்து அடிப்பாள். பயிற்சி வலைக்குள் ஸ்டம்புக்குப் பின்னால் விக்கெட் கீப்பர் நிற்பதில்லை, அதனால் இறங்கி வர அவள் பயந்ததே இல்லை. கீப்பரிடம் பிரெஞ்சில் மெதுவாக விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். நாலாவது பந்தை வேகம் குறைத்து, வெளியே தள்ளிப் போட்டேன். இறங்கி வந்தாள். மட்டை காற்றைத்தான் அடித்தது. அவள் திரும்புவதற்குள் கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டிருந்தாள்.

என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். அந்த ஆட்டத்தில் நான் ஆடிய பிரெஞ்சு அணி தோற்றது. தேநீர் குடிக்கும்போது அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இந்தப் பந்த இத்தன வருஷமா ஏன் எனக்குப் போடல?”

“அங்கதான் கீப்பர் இல்லையே.”

தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். “நாளைக்கு நம்ம கீப்பரக் கூட்டியாரேன். நீ வந்துடு.”

கிளம்பும் அன்று தலைவி, கோடையில் எங்கள் ஊருக்கு வந்து ஆடு, தங்க இடம் தருகிறேன் என்றாள். வருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டில் பிரான்சுக்குப் போகிறேன் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

“வேல கெடச்சிடுச்சாம்மா?”

“இல்லப்பா. கிரிக்கெட் ஆடப் போறேன்.”

அப்படியா என்று மட்டும் கேட்டார். பிறகு, அங்கே கோடையிலும் காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வை என்றார்.

போனேன். முதல் இரண்டு ஆட்டங்களில் இடம் கிடைக்கவில்லை. தினமும் பயிற்சிக்குப் போய் வீசிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் சேர்த்தார்கள்.