கணவர் அனுப்பிய ஃபேக்ஸ்

பத்திரிகை அச்சுக்குப் போகும் நாளில்தான் அந்த ஃபேக்ஸ் வந்தது. தொண்ணூறுகளில், அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இருந்து வந்த தமிழ் மாதப் பத்திரிகை ஒன்றில் நான் துணையாசிரியர். 'நம்மவர் செய்திகள்' பக்கம் என் பொறுப்பு.

ஃபேக்ஸில் இருந்த செய்தி இது: விருது வாங்கிய சாஃப்ட்வேர் பொறியாளர் ஒருவர், மல்லிகா என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு டெக்சாஸில் பிளானோவுக்குக் குடிபோகிறாராம். "கணவர் இருக்கும் இடமே எனக்குச் சொர்க்கம்" என்று கண்கலங்கச் சொன்னாராம்.

எனக்கு உடனே உறுத்தியது. கொட்டும் பனியிலும் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஓட்டி வேலைக்குப் போகிற எந்தப் பெண் இப்படிப் பேசுவாள்? அனுப்பியவர் யாரென்று பார்த்தேன். கணவர்.

வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.

"அவ குளிச்சிட்டிருக்கா மேடம்."

அரை மணி கழித்து மறுபடியும் கூப்பிட்டேன்.

"இன்னும் குளிச்சிட்டுத்தான் இருக்கா. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. நான் அவ ஹஸ்பண்ட்தானே?"

அடேயப்பா, என்ன குளியல் அது!

எடிட்டர் சலித்துக்கொண்டார். "புருஷனே குடுத்திருக்கார், இதுக்கு மேல என்னம்மா ப்ரூஃப்? ஓவரா சந்தேகப்படாதே. பேஜை முடி."

நான் முடிக்கவில்லை. ஃபேக்ஸில் கம்பெனி பெயர் இருந்தது. அங்கே ஆபரேட்டரைப் பிடித்து இணைப்பு வாங்கினேன். மல்லிகாவே எடுத்தார். குளித்துக்கொண்டிருந்த பெண் காலையிலிருந்து ஆபீஸ் சீட்டில் இருக்கிறார்!

செய்தியைப் படித்துக் காட்டினேன்.

"நான் வேலையை விடறேன்னு யார் சொன்னா மேடம்? பிளானோ பேச்சு வீட்ல ஓடிட்டிருக்கு, நான் இன்னும் ஓகே சொல்லல. அடுத்த மாசம் எனக்கு டீம் லீட் இன்டர்வியூ. எங்க மேனேஜரும் தமிழ்தான், உங்க பத்திரிகை அவர் வீட்டுக்கு வருது. இது வந்தா என் கதை முடிஞ்சுது."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அச்சில் வந்துவிட்டால் ஊரே வாழ்த்தி வழியனுப்பும், அப்புறம் இவளால் வாயைத் திறக்க முடியாது என்று அந்த மனிதர் திட்டம் போட்டிருக்கிறார்.

"அப்போ என்ன போடட்டும்?" என்றேன்.

"அவார்ட் வாங்கினதை மட்டும் போடுங்க மேடம்."

அதையே போட்டேன். பத்திரிகை வந்த அன்றே கணவரிடமிருந்து போன்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"உங்க வொய்ஃபைக் கேட்டு."

டக்கென்று வைத்துவிட்டார். இன்டர்வியூ நல்லபடியாக நடந்ததென்று மல்லிகா பிற்பாடு சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அந்த இதழ் வந்த வாரமே பழைய இதழ்களைப் புரட்டினேன். 'மனநிறைவோடு பணி துறந்தார்' என்று எத்தனையோ பெண்கள். அந்தச் செய்திகள் எல்லாம் கணவரோ மாமனாரோ அனுப்பியவை. ஒருத்தியிடமாவது நான் பேசியிருக்கிறேனா? இல்லை. அவர்கள் சொன்னதாக வந்த வாக்கியங்களுக்கு, மொழிநடை சரியில்லை என்று நானே மெருகு வேறு போட்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு பெண் சொன்னதாக எழுதுமுன் அவள் குரலை உங்கள் காதால் கேளுங்கள். அந்தப் பழைய பக்கங்களில் போட்டோவில் சிரித்துக்கொண்டிருப்பவர்களில் யார் நிஜமாக அப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.