குறை பாட்டில்

மாரிசெல்வி உயர்மலை உண்ணிகளை ஆராய்ந்தாள். அவள் ஏறிய உச்சபட்ச உயரம், லிஃப்ட் ஓடாத நாட்களில் செம்பூர் ஆய்வகத்தின் நான்காவது மாடி. குடும்பத்தின் முதல் பட்டதாரி உண்ணி பார்க்கும் வேலைக்குப் போவாள் என்று தாராவியில் யாரும் நினைக்கவில்லை, அவள் உட்பட.

பனிமலை உயரத்தில் மட்டும் வாழும் அரிய உண்ணி அது. எங்கெங்கே இருக்கிறது, எந்த விலங்கின் ரத்தத்தைக் குடிக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது அவள் வேலை. அதுவரை யாக் மாடுகளில்தான் கிடைத்திருந்தது. ஆட்டிலும் இருக்கிறதென்று காட்டினால் கட்டுரையில் பெயர் வரும். மாதக் கடைசியில் முடியும் ஒப்பந்தமும் நீளும்.

அப்பா செல்லப்பாண்டி தோல் கிடங்கில் உப்புத் தடவுபவர். லடாக்கிலிருந்து மயிரோடு செம்மறித் தோல் வந்திருப்பதாகச் சொன்னார். ஒட்டியிருக்கும் உண்ணிகளைத் தலை முறியாமல் எடுக்க அவருக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தி, ஒரு பாட்டிலும் கொடுத்தாள். அவர் நிறைத்துக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் பார்த்தால், அதே இனம். அன்றே சந்து முழுக்கப் பேடா கொடுத்தாள். உண்ணிக்காக என்று சொல்ல வெட்கப்பட்டு, பிரமோஷன் என்றாள்.

எந்தத் தோலில் எத்தனை இருந்தன என்று வழிகாட்டி வேங்கடசுப்ரமணியன் சார் கேட்ட பிறகுதான் அவள் அப்பாவைக் கேட்டாள்.

“ஆட்டுல கொஞ்சந்தான் இருந்துச்சுட்டி. கொற பாட்டிலயா ஆபீசுக்குக் குடுத்துவிடுவாங்க? அதே லாரில சடை மாட்டுத் தோலும் வந்துச்சு. அதுல எடுத்து நெறச்சுட்டேன்.”

சடை மாடு என்றால் யாக். ஒரு தோலுக்கு ஒரு பாட்டில் என்பதை அவள் சொல்லவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டாள். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுவரை அவளுக்கே தெரியாது.

மறுநாள் கட்டுரையில் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார் சார். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. காபி ஆறும்வரை அதைத்தான் யோசித்தாள்.

“சார், ஆடுன்னு போட வேண்டாம். ரெண்டும் கலந்துபோச்சு.”

“அந்த ஆட்டுத் தோல்ல இன்னும் பாக்கி இருக்குமோன்னோ?” என்றார் அவர்.

அதைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை; முந்தின மாலை முழுக்க அழுவதில் மும்முரமாக இருந்தாள். போன் செய்தாள். “ஒண்ணு விடலட்டி, சுத்தமா எடுத்துட்டேன்” என்றார் அப்பா பெருமையாக. அவளால் அவரைக் கோபிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியிருந்தாள்.

ஒப்பந்தம் நீளவில்லை. இப்போது கோவண்டியில் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் எடுக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்குகிறாள். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.