மிளகு உறைத்த பிறகும்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

இங்கே இத்தாலியில் நான் வேலை செய்த வீட்டில், வீட்டுக்காரம்மாவான சின்யோராவின் மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்த பல்லி ஒன்றை வளர்த்தான். மணி கோத்ததுபோல் தோல், கறுப்பும் செம்மஞ்சளும். பெட்டியைத் துடைக்கச் சொன்னார் சின்யோரா. மறுத்துப் பேச எனக்கு வராது.

கையைக் கவ்வியது, விடவில்லை. பிடித்து இழுத்துத்தான் எடுத்தேன். நெருப்பை வைத்ததுபோல் எரிந்தது.

அந்த விலங்கை வீட்டில் வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இல்லையாம். யாராவது கேட்டால் பூனை கடித்தது என்று சொல்லும்படி சின்யோரா கெஞ்சினார். என் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அவர் வீட்டு வேலைக் கடிதம் வேண்டும். தலையாட்டிவிட்டு அல்பெர்கேரியா பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி நாலு மிளகைத் தந்தாள்.

"கடியுங்கோ. உறைக்குதே?"

"ஓம், உறைக்குது."

"அப்ப விசம் ஏறேல்லை. பல்லி விழுந்தாத்தான் பலன். கடிச்சதுக்குப் பஞ்சாங்கத்திலை ஒண்டும் இல்லை, படுங்கோ."

ஊரில் பாம்பு கடித்தால் அப்படித்தான் பார்ப்போம். மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். நானும் நம்பிப் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் முழங்கைவரை வீங்கியது. வாந்தி எடுத்தேன். எழுந்தபோது விழுந்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் அம்மா முதலில் துணியை அவிழ்த்தார். இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சேலைன் ஏற்றினார்கள். என்ன கடித்தது என்று கேட்டார். பூனை என்றேன். பூனை கடித்தால் அழுத்தம் இப்படி இறங்காது, உண்மையைச் சொன்னால்தான் எதைக் கவனிப்பது என்று தெரியும் என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோவன். வேலை போனாப் போகட்டும். நீங்கள் போனா நான் அந்தப் பல்லியோடையே குடும்பம் நடத்திறது?"

சொன்னேன்.

இதற்கு முறிவு மருந்து கிடையாதாம். காயத்தைக் கழுவி, உள்ளே முறிந்திருந்த இரண்டு பற்களை எடுத்தார்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் வலிக்கு மருந்தும் போட்டு, இரண்டு நாள் அழுத்தத்தையும் இதயத்தையும் பார்த்தார்கள். மிளகுக் கதையை மனைவி சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை. விஷம் நாக்குக்குத் தெரியாது என்றார்.

மருத்துவமனை அறிவித்து, போலீசார் வந்து பல்லியைக் கொண்டுபோய்விட்டார்கள். சின்யோரா பிறகு அழைக்கவில்லை. பெர்மெஸ்ஸோ முடிய நான்கு மாதம் இருக்கிறது, வேறு வீடு தேடுகிறேன். கையைக் காட்டினால் யோசிக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் பலர் வீடு துடைக்கிறார்கள், அதனால் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி ஒன்பதாம் திகதி.