ஃபோக்கோ நகர்த்திய அறுநூறு கிலோ

"நாலு கிலோ, ஜன்னல் பக்கம்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஃபோக்கோ நாற்காலியை நகர்த்துவான். அவன் மனைவி ஹில்கே அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே கேட்பாள்: "சொல்லாட்டி வீடு கவுந்துடுமாக்கும்?" முப்பது வருடமாக இதே கேள்வி. அதற்குள் அவன் அடுத்த நாற்காலிக்குப் போயிருப்பான்.

எம்டன் துறைமுகத்தில் மீன் வறுத்து விற்கிறான். பருத்த உடம்பு, பூனை நடை. யாராவது அவசரப்படுத்தினால், "எண்ணெய்கிட்ட சொல்லுங்க, என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்பான். போர்க்காலத்தில் எங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிப் படகுக்கு அவன்தான் சமையல்காரன். நான் மின்மோட்டார் அறையில். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எனக்கு இரண்டு பட்டறைகள், பட்டம் வாங்கியவர்கள் மூன்று பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அந்தப் படகைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவன் கிடையாது.

ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை. இன்னொன்றில் உருளைக்கிழங்கு மூட்டை. தண்ணீருக்குள் போய்விட்டால் படகு ஒரு தராசு. எடை பிசகினால் மூக்கோ வாலோ தாழும். ஒரு மூட்டை இடம் மாறினாலும் எஞ்சினியர் ரோடெயிடம் சொல்லியாக வேண்டும். அதற்கேற்ப அவர் தொட்டிகளில் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பார். ஃபோக்கோ வெங்காயத்தைக்கூட விடாமல் சொல்வான். "தும்மினாலும் சொல்லிடுடா, எந்தப் பக்கம்னு," என்று டார்பிடோ அறைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

ஏழாவது பயணத்தில், அட்லாண்டிக் நடுவே, இரண்டு சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தோம். அந்த மாலுமிகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நான்கு டார்பிடோக்கள் போனதில் படகின் மூக்கு லேசாகியிருக்கும் என்று ஃபோக்கோவுக்குத் தெரியும். இரண்டு நாளாகக் கண் மூடாத ரோடெ அப்போதுதான் படுத்திருந்தார். எழுப்ப மனம் வராமல், அறுநூறு கிலோ டின்களையும் மூட்டைகளையும் அவனே முன்னறைக்கு மாற்றிவிட்டான். எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். முன்தொட்டியில் தண்ணீர் விட்டு அந்த எடைக்குறைவை ரோடெ ஏற்கெனவே சரிக்கட்டியிருந்தது அவனுக்குத் தெரியாது.

சற்றைக்கெல்லாம், நீர்மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்களைத் தேடி எதிரி விமானம் வந்துவிட்டது.

"முங்கு! எல்லாரும் முன்னால ஓடுங்க!" மூக்கு சீக்கிரம் தாழ அப்படித்தான் ஓடுவோம். படகு முங்கியது, பிறகு நிற்கவில்லை. தூக்கம் கலைந்து ஓடிவந்த ரோடெ சுக்கான்காரனிடம் கத்தினார்; பேச்சுக்குழாய் வழியே எல்லாம் என் காதில் விழுந்தது.

"மூக்கைத் தூக்குடா!"

"தூக்கிட்டேன் ஐயா, கேக்க மாட்டேங்குது!"

நூற்றைம்பது மீட்டர் ஆழம். "எல்லாரும் பின்னால!" ஆட்கள் சுவரேறுவதுபோல் தவழ்ந்து வந்தார்கள். மோட்டார்களை முழுவேகத்தில் பின்னோக்கிச் சுழலவிட்டேன். அரை நொடிகூட நான் பிந்தவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. நூற்றுத் தொண்ணூறு. இரும்பு முனகியது. எல்லாத் தொட்டிகளையும் காற்றால் காலி செய்தால் நேரே விமானத்தின் அடியில் போய் மிதப்போம்.

"எங்கேயோ எடை இருக்கு," என்றார் ரோடெ. "எங்கன்னுதான் தெரியல."

சொன்னால் ஃபோக்கோவுக்கு ராணுவ விசாரணை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அந்த உண்மை எல்லாரோடும் கடலுக்கடியில் கிடக்கும்.

"நான்தான் ஐயா." ஃபோக்கோவின் குரல். "முன்னறையில வச்சேன். உங்களை எழுப்பலை."

"எவ்வளவு?"

"அறுநூறு கிலோ."

"திட்டமாவா?"

"திட்டமா ஐயா. ஒவ்வொண்ணும் நான் தூக்கினது."

அவ்வளவு தண்ணீரை மட்டும் ரோடெ முன்தொட்டியிலிருந்து வெளியே தள்ளினார். இருநூற்றுப் பதினைந்தில் முள் நின்றது. மெல்ல மூக்கு நிமிர்ந்தது.

மேலிடத்துக்கு ரோடெ எதுவும் எழுதவில்லை. துறைமுகத்தில் இறங்கியதும், "இனிமே என் படகுல நீ கால் வைக்காதே," என்றார். அன்று ஃபோக்கோ அழுததுபோல் ஒரு ஆண்பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை. எட்டாவது பயணத்தின்போது எனக்குக் குடல்வால் அறுவை, மருத்துவமனையில் கிடந்தேன். ரோடெயோடு போன படகு திரும்பி வரவில்லை.

போன மாதம் போர்க்கும் என்ற தீவுக்கு ஃபோக்கோ, ஹில்கே, நான் மூவரும் பயணிகள் படகில் போனோம். வழியில் மணல்திட்டு நிறையக் கடல்நாய்கள். பயணிகள் அத்தனை பேரும் இடப்பக்கக் கம்பியை மொய்த்தார்கள். "ஏங்க, இங்க வாங்க, குட்டியும் இருக்கு!" என்று ஹில்கே கூப்பிட்டாள். ஃபோக்கோ எழுந்தான். ஆளில்லாத வலப்பக்கம் போய், கம்பியில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். கூட்டம் கலைகிறவரை அவன் அசையவில்லை.